மூலத்தை மறைக்காதீர்கள்: ராக், மெட்டல் இசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ராக், மெட்டல் ஆல்பங்களின் மூல நாடாக்களை உரிமையோடு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றின் இந்தியக் கிளைகளுக்கும்,

போன மாதம் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னை பெரம்பூரில் மாலை வேளைகளில் பேஸ் கிட்டார் கற்றுக்கொடுக்கிறேன். பதினேழு வயது மாணவி ஒருத்தி, எண்பதுகளில் வெளிவந்த ஒரு ஹெவி மெட்டல் பாடலைக் கற்க வேண்டும் என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் விரல்களில் இருக்கும் பாடல் அது. எழுபது ரூபாய் கொடுத்து வாங்கிய கேசட்டை, பேட்டரி தீராமலிருக்கப் பென்சிலால் சுற்றிச் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் படித்த பாடல். இரண்டாம் சரணத்துக்குள் நுழையும் முன், மற்ற வாத்தியங்கள் ஒரு கணம் மூச்சு வாங்க, பேஸ் மட்டும் நான்கு சுரங்களில் கீழே இறங்கும். அந்த நான்கு சுரங்களுக்காகத்தான் நான் பேஸ் கற்றுக்கொண்டேன். அதை வாசித்துக் காட்டினேன். மாணவி தயங்கிவிட்டுக் கேட்டாள்: "சார், இந்த இடம் பாட்டில் இல்லையே. நீங்களாகச் சேர்த்ததா?"

தன் செல்பேசியில் பாடலை ஓடவிட்டாள். அதே அட்டைப்படம், அதே பெயர், எண்பதுகளின் அதே ஆண்டு. ஆனால் அந்த இடத்தில் கிட்டார் சுவர்போல நிற்கிறது. பேஸ் அதற்கு அடியில் புதைந்து கிடக்கிறது. டிரம்ஸின் ஓசையே வேறாக இருக்கிறது. முடிவில் பாடல் மெல்லத் தேய்ந்து மறையும் இடம் பத்து விநாடி முன்பாகவே வெட்டப்பட்டிருக்கிறது. பழைய ஒலிக்கலவை எங்காவது இருக்கிறதா என்று அன்று இரவு முழுக்கத் தேடினேன். நான் சந்தா கட்டும் எந்தச் சேவையிலும் இல்லை. நிறுவனத்துக்கு எழுதினேன். பதினொரு நாள் கழித்து இரண்டு வரி வந்தது: இப்போது இருப்பதே அதிகாரபூர்வமான பதிப்பு, முந்தையது விலக்கிக்கொள்ளப்பட்டது.

எந்த ஆல்பம், எந்த நிறுவனம் என்று இங்கே எழுதவில்லை. பெயரைப் போட்டால் அந்த ஒருவரின் தவறாக இது சுருங்கிவிடும். உங்களில் பலருக்கும் இது வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டு வரியை என்னால் ஏற்க முடியாததால்தான் இந்த மடல்.

மறுவெளியீடே வேண்டாம் என்று சொல்கிற ஆள் அல்ல நான். பிளாக் சப்பாத்தில் டோனி மார்ட்டின் பாடிய காலத்து ஆல்பங்கள் எத்தனை ஆண்டுகள் கடையில் கிடைக்காமல் இருந்தன என்பது அவற்றைத் தேடியவர்களுக்குத் தெரியும். ஹெட்லெஸ் கிராஸ் வெளிவந்தது 1989ல். அதையும் அதற்குப் பின் வந்தவற்றையும் 2024 மே மாதம் ஒரே பெட்டியில் கொண்டுவந்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். அதில் ஃபர்பிடன் ஆல்பத்தை அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி புதிதாகக் கலந்திருந்தார். அப்படிச் செய்திருப்பதாக வெளிப்படையாக அறிவித்தும் இருந்தார்கள். கேட்பவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினார். எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை.

என் குறை சொல்லாமல் மாற்றுவதில் இருக்கிறது.

இந்த மடலை இசைத்துறைக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். பாடல் பதிவாகும்போது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிவாகிறது. எது முன்னே நிற்க வேண்டும், எது பின்னே ஒதுங்க வேண்டும் என்று முடிவுசெய்து அவற்றை ஒன்றாக்குவது மிக்ஸிங், அதாவது கலத்தல்; அதில் கிடைப்பது கலவை. அப்படி ஒன்றான ஒலியை இசைத்தட்டுக்கோ சிடிக்கோ ஏற்றபடி இறுதியாகச் செப்பனிடுவது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்றால் இந்தக் கடைசிப் படி மட்டும் மறுபடி நடக்கிறது. பாடலின் உடம்பு மாறுவதில்லை. ரீமிக்ஸ் என்றால் உடம்பே மாறுகிறது. சில சமயம் அதையும் தாண்டி, ஒருவர் வாசித்ததை அழித்துவிட்டு வேறொருவரை வாசிக்க வைப்பதும் நடக்கிறது. இந்த மூன்றுக்கும் ஒரே அட்டையையும் ஒரே ஆண்டையும் போட்டுக் கொடுத்தால் வாங்குபவர் எப்படிப் பிரித்தறிவார்?

மூன்றாவது வகைக்கு இந்த இசையின் வரலாற்றில் மறக்க முடியாத உதாரணம் ஒன்று உண்டு. பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களான பிளிஸார்ட் ஆஃப் ஓஸ், டைரி ஆஃப் அ மேட்மேன் ஆகியவற்றில் பேஸ் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் வாசித்தவர் லீ கெர்ஸ்லேக். 1981ல் டைரி வெளிவந்தபோதே உறையில் அவர்களுடைய பெயருக்குப் பதிலாக, அதில் வாசிக்காத ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ் ஆகியோரின் பெயர்கள் அச்சாகியிருந்தன. பிற்பாடு டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் உரிமைத்தொகை கேட்டு வழக்குப் போட்டார்கள். 2002ல் இரண்டு ஆல்பங்களும் மறுவெளியீடு கண்டபோது அவர்களுடைய வாசிப்பே நீக்கப்பட்டு, ராபர்ட் ட்ருஹியோவின் பேஸும் மைக் போர்டினின் டிரம்ஸும் அந்த இடத்தில் ஏற்றப்பட்டிருந்தன. முதல் முறை பெயர் போயிற்று. இரண்டாம் முறை வாசிப்பே போயிற்று.

ட்ருஹியோவும் போர்டினும் மிகத் தேர்ந்த கலைஞர்கள். அவர்கள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அந்த ஆல்பங்களில் கிட்டார் வாசித்த ராண்டி ரோட்ஸ் 1982 மார்ச் 19 அன்று விமான விபத்தில் இறந்தவர், வயது இருபத்தைந்து. ஓஸியோடு அவர் ஸ்டுடியோவில் முடித்துக் கொடுத்தது அந்த இரண்டு ஆல்பங்கள்தாம். டெய்ஸ்லி எங்கே தள்ளுகிறார், கெர்ஸ்லேக் எங்கே இழுக்கிறார் என்று கேட்டுத்தான் ராண்டியின் விரல் நகர்ந்திருக்கும். பேஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு குழு ஒன்றாக வாசிக்கும்போது ஒருவருடைய சுரம் இன்னொருவருக்குச் சொல்லும் பதில். கேள்வி கேட்டவரை அகற்றிவிட்டு, பதில் சொன்னவரை மட்டும் வைத்துக்கொண்டு, இருபது ஆண்டு கழித்து வேறொருவரைக் கேள்வி கேட்க வைத்தார்கள். ராண்டியிடம் சம்மதம் கேட்க வழியில்லை.

2011ல் மூல வாசிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அந்த ஆல்பங்களை முதன்முதலாக வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். தாங்கள் கேட்டது 1980, 1981ல் பதிவான இசை என்றே அவர்களில் எத்தனையோ பேர் நம்பியிருப்பார்கள்.

இறந்தவரின் இசையைத் தொட்ட இன்னொரு உதாரணமும் என் மனத்தை உறுத்துகிறது. டெத் குழுவின் சக் ஷுல்டினர் 2001 டிசம்பரில் காலமானார். அவருடைய ஹியூமன் ஆல்பம் 1991ல் வந்தது. 2011 மறுவெளியீட்டில் அது புதிதாகக் கலக்கப்பட்டிருந்தது. கலந்தவர் ஜிம் மாரிஸ், மாரிஸவுண்ட் ஸ்டுடியோவைச் சேர்ந்தவர். திறமையும் உரிமையும் உள்ளவர். அந்தக் கலவையில் பேஸ் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்பதும் உண்மை. எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் சக் சம்மதித்து வெளியிட்ட கலவை அது அல்ல. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அவருடையதை ஒதுக்கி வைக்க எனக்கோ உங்களுக்கோ உரிமை ஏது?

எங்கள் மொழியில் இதற்கு நல்ல வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏட்டுச்சுவடிகளைத் திரட்டி, 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஒரே பாடல் ஓர் ஏட்டில் ஒரு விதமாகவும் இன்னோர் ஏட்டில் வேறு விதமாகவும் இருக்கும். எது சரியான பாடம் என்று தம் புலமையால் தீர்மானித்து மேலே வைத்த அவர், மற்றதைத் தூக்கி எறியவில்லை. பாடபேதங்களையும் குறித்து வைத்தார். பின்னால் வருகிறவன் தானே ஒப்பிட்டுப் பார்த்து, ஐயர் தேர்ந்ததோடு உடன்படவோ மாறுபடவோ வழி திறந்திருந்தது. ஏடு ஏடாகவும் பாதுகாக்கப்பட்டது. பதிப்பு என்ற சொல்லுக்கு நாங்கள் அறிந்த பொருள் இது. நீங்களும் உங்கள் வெளியீடுகளைப் பதிப்பு என்றுதான் அழைக்கிறீர்கள்.

உங்கள் துறையிலேயே இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். டீப் பர்பிளின் மெஷின் ஹெட் ஆல்பத்துக்கு 1997ல் இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் ரோஜர் குளோவர் புதிதாகக் கலந்தது ஒரு சிடியில், 1972ன் கலவை செப்பனிடப்பட்டு இன்னொரு சிடியில் என இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 2024ல் அதே ஆல்பத்தை இசைக்கலைஞர் ட்வீஸில் ஸாப்பா மறுபடி கலந்தபோதும் பழைய கலவை உடன் வந்தது. ரஷ் குழு 2002ல் வெளியிட்ட வேப்பர் டிரெயில்ஸ் ஆல்பத்தின் ஒலியில் அவர்களுக்கே நிறைவில்லை. 2013ல் அதை மறுபடி கலக்கச் செய்து, தலைப்பிலேயே 'ரீமிக்ஸ்டு' என்று எழுதினார்கள். ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மெட்டாலிக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1988ல் வந்த ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல் ஆல்பத்தில் ஜேஸன் நியூஸ்டெடின் பேஸ் ஏறக்குறையக் காதில் விழாது. பேஸ் வாசிப்பவர்களுக்கு அது ஆறாத புண். 2018ல் ரீமாஸ்டர் வந்தபோது பேஸை ஏற்றிவிடுவார்கள் என்று உலகமெங்கும் பலர் காத்திருந்தோம். ஏற்றவில்லை, கலவையைத் தொடாமல் விட்டார்கள். ஏமாற்றத்தோடு கேட்டேன், ஆனால் அவர்கள் செய்தது சரி என்று நினைக்கிறேன். கிளிஃப் பர்ட்டனை 1986ல் பறிகொடுத்த குழு, அவருடைய இடத்தில் வந்தவரை எப்படி நடத்தியது என்பதும் அந்த வறண்ட ஒலியில் பதிவாகியிருக்கிறது. பேஸ் கேட்கும் ஒரு கலவையை இன்னொரு தட்டாக, வேறு பெயரோடு என்றாவது கொடுத்தால் முதல் ஆளாக வாங்குவேன். பழையதை எடுத்துவிட்டு அதைக் கொடுத்தால் எதிர்ப்பேன்.

பாடல் வரிசையும் மூலத்தின் பகுதியே. அயர்ன் மெய்டனின் த நம்பர் ஆஃப் த பீஸ்ட் ஆல்பத்துக்கு 2022ல் வந்த நாற்பதாம் ஆண்டு இசைத்தட்டில் கேங்லேண்ட் பாடலை எடுத்துவிட்டு டோட்டல் எக்லிப்ஸைச் சேர்த்தார்கள். இரண்டில் டோட்டல் எக்லிப்ஸ்தான் வலுவான பாடல். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் 1982ல் கேங்லேண்டைத் தேர்ந்தார்கள் என்பது நடந்த வரலாறு. அதன் பக்கத்தில் மற்றதைச் சேர்த்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

உரப்பு, அதாவது ஒலியின் சத்த அளவு, பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரீமாஸ்டர் என்ற பெயரில் நீங்கள் பெரும்பாலும் செய்வது, மெல்லிய இடங்களையெல்லாம் உரத்த இடங்களின் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவது. அதில் ஒலியின் ஏற்ற இறக்கம் நசுங்கிப் போகிறது. 2008ல் மெட்டாலிக்காவின் டெத் மேக்னடிக் சிடியைவிட கிட்டார் ஹீரோ என்ற விளையாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட அதே பாடல்களின் ஒலி நன்றாக இருக்கிறது என்று ரசிகர்களே ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். உரத்த பாடல்தான் வானொலியில் எடுபடும் என்ற காரணத்தை அப்போது சொன்னீர்கள். இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாடல்களின் உரப்பையும் தாமே ஒரே அளவுக்குக் கொண்டுவருகின்றன. நீங்கள் தூக்கியதை அவை இறக்கிவிடுகின்றன. நசுங்கியது நசுங்கியபடியே இருக்கிறது. இயரேக் நிறுவனம் 'முழு ஒலி வீச்சு' என்ற பெயரில் தன் பழைய டெத் மெட்டல் ஆல்பங்களை நசுக்காமல் மறுவெளியீடு செய்து காட்டிவிட்டது. முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

சென்ற ஆண்டு நான் ஓர் இறக்குமதி இசைத்தட்டு வாங்கினேன். கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்த்து நான்காயிரத்து எண்ணூறு ரூபாய். என் மாத வருமானத்தில் அது சிறிய தொகை அல்ல. உறைமேல் 180 கிராம் என்று பொன்னிறத்தில் ஒட்டியிருந்தது. எந்த நாடாவிலிருந்து எடுத்தது, யார் செப்பனிட்டது, நாடாவிலிருந்தா சிடிக்காகச் செய்த கோப்பிலிருந்தா என்று ஒரு சொல்லும் இல்லை. ஒட்டுத்தாளில் எடையைச் சொல்ல இடம் இருந்தது. முள்ளை வைத்ததும் சிடியில் இருந்த அதே நசுங்கிய ஒலி. ஐந்து மாதம் கழித்து அதே ஆல்பம், மூன்று போனஸ் பாடல்களோடும் வேறு நிற உறையோடும் விரிவாக்கிய பதிப்பாக வந்தது. முதலில் வாங்கிய நான் அந்த மூன்று பாடல்களுக்காக மறுபடி எல்லாவற்றையும் வாங்க வேண்டுமாம்.

இதே போக்கு புதிய பாடல்களுக்கும் வந்துவிட்டது. நான் பழையதை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறவன் இல்லை. ஜூடாஸ் பிரீஸ்ட் 2023 அக்டோபரில் வெளியிட்ட பேனிக் அட்டாக், சின்தசைஸரோடு தொடங்கி ஹால்ஃபோர்டின் குரல் பாயும் வரை, ஐம்பது ஆண்டுக் குழு ஒன்றிடம் நான் எதிர்பார்க்காத வேகத்தோடு இருந்தது. மெட்டாலிக்காவின் லக்ஸ் எடெர்னா மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் துள்ளலான பாடல். ஆனால் அது இடம்பெற்ற 72 சீஸன்ஸ் ஆல்பம் 2023 ஏப்ரல் 14 அன்று வெளிவந்தபோது, அதன் பன்னிரண்டு பாடல்களில் நான்கை சிங்கிள்களாக, அதாவது முன்கூட்டித் தனியே வெளியிட்ட பாடல்களாக, ஏற்கெனவே கேட்டாயிற்று. கடைசியில் வரும் இனமோராட்டா பதினோரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, அந்தக் குழுவின் சொந்தப் பாடல்களில் மிக நீண்டது. நடுவில் ஒலி அடங்கி, இப்போது மெட்டாலிக்காவில் வாசிக்கும் ட்ருஹியோவின் பேஸ் தனியே நடக்கும் இடம் என்னைப் பொறுத்தவரை அந்த ஆல்பத்தின் இதயம். சிங்கிள்களைக் கேட்டு ஆல்பத்தை எடைபோட்டவர்கள் அங்கே வந்து சேரவே இல்லை. பிரிங் மீ த ஹொரைஸன் குழுவின் நெக்ஸ் ஜென் ஆல்பம் 2024 மே மாதம் வந்தது. அதன் முதல் சிங்கிள் 2021 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. இடையில் மேலும் ஐந்து. ஆல்பம் கைக்கு வந்தபோது அது புதியதா, தொகுப்பா என்றே எனக்குப் புரியவில்லை.

ஒரு காலத்தில் சிங்கிள் என்பது ஆல்பத்தில் இல்லாத ஒன்றைக் கொடுத்தது. மேலே சொன்ன டோட்டல் எக்லிப்ஸ் அப்படித்தான் வந்தது: 1982ல் ரன் டு த ஹில்ஸ் சிங்கிளின் மறுபக்கத்தில். இன்றைய சிங்கிள் ஆல்பத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து முன்கூட்டியே கொடுக்கிறது. டீலக்ஸ் எனப்படும் விரிவாக்கிய பதிப்போ ஆல்பத்தில் இருந்திருக்க வேண்டியதை ஒளித்துவைத்துப் பின்னால் விற்கிறது. முன்பதிவு செய்து பணம் கட்டியவர்தான் இரண்டிலும் இழக்கிறார்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஓர் ஆல்பம் முதன்முதலில் வெளிவந்த கலவையை எந்தக் காரணத்துக்காகவும் விற்பனையிலிருந்தோ ஸ்ட்ரீமிங்கிலிருந்தோ விலக்காதீர்கள். புதியதைச் சேர்க்கும் நாளில் பழையது அதன் சொந்த ஆண்டோடு பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே விலக்கியவற்றை, மூல நாடா உங்களிடம் இருக்கும் வரையில், திரும்பக் கொண்டுவாருங்கள். நாடா சிதைந்தோ தொலைந்தோ போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், புரிந்துகொள்வோம். மெகாடெத்தின் ஆல்பங்களை 2004ல் அந்தக் குழுவின் பாடகர் டேவ் மஸ்டெயின் மறுபடி கலந்தபோது, ரஸ்ட் இன் பீஸில் சில குரல் பகுதிகளைப் புதிதாகப் பாட வேண்டியிருந்தது என்பது வெளியே சொல்லப்பட்டதால்தான் எங்களால் அதைத் தெரிந்து கேட்க முடிகிறது.

உறையிலும் திரையிலும் நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்கட்டும்: செய்தது ரீமாஸ்டரா ரீமிக்ஸா மறுபதிவா, செய்தவர் யார், எந்த ஆண்டு, எந்த மூலத்திலிருந்து. யாருடைய வாசிப்பையாவது மாற்றியிருந்தால் மாற்றப்பட்டவர் பெயரும் மாற்றியவர் பெயரும் முன் அட்டையிலேயே வர வேண்டும். அந்த வாசிப்புக்கு உரியவர் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள். இறந்திருந்தால் மூலத்தை முதலில் வையுங்கள்.

முன்பதிவு தொடங்கும் அன்றே, டீலக்ஸ் பதிப்பு வருமா, அதில் என்னென்ன பாடல்கள் என்று அறிவியுங்கள். பின்னால் சேர்க்கும் பாடல்களை, முதல் பதிப்பை வாங்கியவர்கள் தனியாக வாங்கிக்கொள்ள வழி செய்யுங்கள். நசுக்காத ஒலியில் ஒரு பதிப்பையாவது, குறைந்தது தரவிறக்கமாகவாவது தாருங்கள்.

இந்தியக் கிளைகளுக்குத் தனியாக ஒன்று. தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க் கடைகளுக்குக் கேசட் கொண்டுவந்து சேர்த்தீர்கள். என்னைப் போன்றவர்கள் அதனால்தான் இந்த இசைக்குள் வந்தோம். அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சில் பெங்களூரில் வாசித்தபோது சென்னையிலிருந்து ரயிலேறிப் போனவர்களில் நானும் ஒருவன். அங்கே கூடிய கூட்டத்தை வளர்த்தவை அந்தக் கேசட்டுகளே. இப்போது இந்த ஆல்பங்களின் சிடியும் இசைத்தட்டும் பெரும்பாலும் இறக்குமதி விலையில்தான் கிடைக்கின்றன. அவற்றை இங்கேயே உரிமம் பெற்று வெளியிடுங்கள். அது இயலாது என்றால் காரணத்தை எழுதித் தெரிவியுங்கள்.

எனக்கு இரண்டு வரிப் பதில் அனுப்பிய நிறுவனத்தாருக்கு: என் மாணவிக்காகப் பழைய டேப் ரெக்கார்டரைப் பழுது பார்த்து, அந்தக் கேசட்டை ஓடவிட்டேன். நாடாவின் இரைச்சலுக்கு நடுவே நான்கு சுரங்களும் இறங்கின. "இருக்கிறது சார்" என்றாள். ஆனால் அந்த நாடா ஏற்கெனவே இரண்டு இடங்களில் ஒட்டுப் போட்டது. அதிக நாள் தாங்காது. நீங்கள் விலக்கிய கலவையை மறுபடி வெளியிடுங்கள். எப்போது வெளியிடுவீர்கள் என்ற தேதியை, நான் முன்பு எழுதிய அதே முகவரிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு பேஸ் கிட்டார் ஆசிரியர்